கீழே இருக்கிற அம்மா

புதுப் படத்தைச் சுவரில் ஏற்றிய அன்று கம்பெனிக் கொட்டகையில் ஒருவரும் டீயைச் சூடாகக் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடி எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் வெளிச்சக் கோடுகள் ஏறின. ஆளுக்கு ஒரு கோடு, ஆளுக்கு ஒரு நிறம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் கோட்டைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் கொடி.

துறைமுகத்துக்கு வடக்கே பெரிய எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. அடியில் தங்கும் கரிச்சேற்றை வழித்தெடுப்பதுதான் வேலை. ஒரு காலத்தில் மனிதர்களே இறங்கினார்கள். இறங்கியவர்களில் சிலரை மற்றவர்கள்தான் தூக்கி வரவேண்டியிருந்தது. பிறகு இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்துக்குக் கை உண்டு, வேலை தெரியாது. ஆகவே காலையில் ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் தொப்பி மாட்டி, மனசை அப்படியே இன்னொரு பிரதி எடுத்து இயந்திரத்துக்குள் இறக்கினார்கள். அது பிரிப்பு. கீழே போன மனசு சேறு வழிக்கும். மேலே இருக்கிற ஆள் வீட்டுக்குப் போய்த் தன் பாட்டைப் பார்க்கலாம். சாயங்காலம் திரும்பி வந்து தொப்பி மாட்டினால் கீழே போனது ஏறிவந்து மேலே இருப்பதோடு கலந்துவிடும். அது சேர்ப்பு. சேர்ப்புக்கு வராத நாள் வேலை செய்யாத நாள். தொட்டிக்குள் கற்றது தலைக்கு வராவிட்டால் மறுநாள் அந்தத் தலையால் என்ன பிரயோஜனம் என்பது கம்பெனியின் நியாயம்.

சுவரில் அதுதான் தெரிந்தது. காலையில் கொடியிலிருந்து ஓர் இழை பிரிந்து, சாயங்காலம் வளைந்து வந்து கொடியோடு ஒட்டி, ஒட்டிய இடத்தில் ஒரு முடிச்சு விழும். பழைய படத்தில் எல்லாக் கொடியும் ஒரே மாதிரி இருக்கும். யாருடைய அடையாள அட்டையைத் தேய்த்தார்களோ அவர் கணக்கில் முடிச்சுப் போட்டுவிடும் படம் அது. ஈரோட்டிலிருந்து புதிதாக வந்த மேகலா என்ற பெண் அதைத் திருத்தி வரைந்திருந்தாள். எந்த மனசு எந்த மனசில் போய்க் கலந்ததோ, அதை அப்படியே காட்டியது இந்தப் படம்.

"ஏ எசக்கி, என்னல உன் கொடி இப்பிடி நெளியுது? குடிச்சிட்டு உக்காந்த நாளெல்லாம் தெரியுதே!"

"உன்னதப் பாரும் மொதல்ல. நோஞ்சான் மாதிரி நிக்கி."

சிரிப்புக்கு நடுவே ரோஸ்லின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கொடி பச்சை. தரையிலிருந்து பச்சையாகவே ஏறிவந்து, ஓரிடத்தில் இரண்டு இழைகளை ஒரே சாயங்காலத்தில் வாங்கியிருந்தது. ஒன்று அவளுடைய இழை. மற்றொன்று பக்கத்துக் கொடியிலிருந்து சாய்வாக வந்திருந்தது. பக்கத்துக் கொடி மஞ்சள். தங்கபுஷ்பம் அக்காவுடையது. அந்த முடிச்சுக்கு மேலே ரோஸ்லினின் கொடியில் பச்சை நூல் நூலாகத்தான் ஓடியது. மற்றதெல்லாம் மஞ்சள்.

ஐந்தாறு மாதத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் ரோஸ்லினுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ஏட்டி ரோஸி, எனக்கு டவுன்ல ஒரு சோலி. என் அட்டையத் தேச்சிட்டு எனக்குப் பதிலா நீ ஒருக்க உக்காந்து எந்திரி" என்று தங்கபுஷ்பம் கேட்டுக்கொண்டாள். பதிலுக்கு ஆள் போவது அங்கே புதிதல்ல. மூட்டை தூக்கிய காலத்திலும் அப்படித்தான், உப்பளத்திலும் அப்படித்தான். காய்ச்சலில் கிடப்பவனுக்காக அடுத்தவன் நிற்பான். ரோஸ்லின் தன் சேர்ப்பை முடித்துவிட்டு, எழுந்து போய் அக்காவின் நாற்காலியிலும் உட்கார்ந்தாள். தலை கொஞ்சம் கனத்தது. அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்துதான் ஆல்வின் வர ஆரம்பித்தான்.

ஆல்வின் தங்கபுஷ்பத்தின் மகன். அதற்குச் சில வாரம் முன்னால் காய்ச்சலில் செத்துப்போன பிள்ளை. ரோஸ்லின் பானையில் தண்ணீர் மொள்ளும்போது, அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டு அவன் நிற்பான். திரும்பினால் இருக்கமாட்டான். கட்டிலில் கிடந்தபடி அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வான். விரல் சுடும். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு. சுவரில் மணியைப் பார்த்து அவள் எழுந்திருப்பாள். சேர்ப்புக்கு நேரமாகிவிட்டது, ஒரு எட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்பாள். அவன் சொல்வான்:

"நீ இரும்மா. கீழ இருக்க அம்மா அவளா ஏறி வந்துருவா."

அவள் விரலை உருவிக்கொண்டு போவாள். தொப்பியோடு உட்கார்ந்திருக்கும்போது வீட்டிலிருந்து போன் அடிக்கும். அங்கே அறுந்துவிடும்.

பிள்ளை இல்லாத ஏக்கத்தில் பேய் பிடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனால் அவளுக்குத்தான் ஷெரின் இருக்கிறாளே. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான், வாரம் ஒருதரம் பேசுவான். ஆல்வின் வந்ததை விடவும் அவளைப் பயமுறுத்தியது இந்த ஷெரின்தான். பள்ளிக்கூடம் விட்டு அந்தச் சிறுமி வாசலில் ஷூவைக் கழற்றும்போதெல்லாம், யார் வீட்டுப் பிள்ளை இது, இன்னும் ஏன் அவள் வீட்டுக்குப் போகவில்லை என்று ரோஸ்லினுக்குத் தோன்றும். பேர் தெரியும். பிறந்த நாள் தெரியும். எந்தக் காதில் சீழ் வைத்தது என்று தெரியும். எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதுபோல் தெரியும். சோறு போட்டாள், உடுப்புத் துவைத்தாள். ஒரு நாள் கூடப் பக்கத்தில் இழுத்து முகர்ந்து பார்க்கவில்லை.

"எம்மா, என்மேல கோவமா?" என்று ஷெரின் கேட்பாள்.

"இல்லயே."

"பெறகு ஏன் விருந்தாளியப் பாக்க மாதிரி பாக்க?"

அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

மத்தியானம் கொட்டகை ஓய்ந்ததும் ரோஸ்லின் மேகலாவின் கண்ணாடி அறைக்குப் போனாள். சாய்வாக வந்த அந்த இழையைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிக்குமுன்பே மேகலா சூப்பர்வைசர் இன்பராஜைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அன்னைக்கு அந்த ரெண்டாவது சேர்ப்புல, ரெண்டு மனசும் ஒத்துக்காத இடத்துல மோதல்னு மிஷின் காட்டலீங்களா?"

"காட்டிச்சு மேடம். 'இருந்தது', 'வந்தது'ன்னு ரெண்டு பட்டன் வரும்லா. நான் எப்பவும் போல 'எல்லாம் வந்தது'ன்னு அமுக்கிட்டேன்."

"எவ்வளவு மோதல்னு பாக்கலீங்களா?"

"செவப்பா இருந்திச்சு. தெனமும் செவப்பாத்தான் இருக்கும். வரிசைல நிக்கவன் எல்லாம் வீட்டுக்குப் போவணும்னு கத்துதான். ஒவ்வொண்ணா வாசிச்சிட்டா இருக்க முடியும்?" இன்பராஜ் ரோஸ்லினைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு என்ன செய்யுது? தலைவலியா?"

 அவர் போனதும் ரோஸ்லின் மேகலாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தாயி, அந்தப் பயல என் தலையில இருந்து எடுத்துருங்க. அவன் அக்கா பிள்ள. நான் பாவி, எனக்குன்னு ஒருத்தி வீட்டுல இருக்கா. எம்பிள்ளய எனக்குத் தந்துருங்க."

 மேகலா திரையில் கொடியைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"எடுக்கலாங்கக்கா. ஆனா எடுக்கச் சொல்லிக் கேக்கறது யாருன்னு பாருங்க. முடிச்சுக்குக் கீழ இருக்கற பச்சை ரோஸ்லின். மேல இருக்கற மஞ்சள், அன்னிக்குக் காலையில தங்கபுஷ்பம் அக்காகிட்டேருந்து பிரிஞ்சு தொட்டிக்குள்ள போனவங்க. இப்ப எங்கிட்டப் பேசறது மஞ்சள்ங்க."

"நான் ரோஸ்லி இல்லியா?"

"பேரு, வீடு, வழி, சமையல், இதெல்லாம் ரோஸ்லினோடது. மோதாததெல்லாம் அப்படியே தங்கிடுச்சு. மோதின இடத்துலதான்..." அவள் நிறுத்தினாள்.

"விளங்குத மாதிரி சொல்லு."

"பிள்ளைன்னு மனசுல ஒரு இடம் இருக்குன்னு வெச்சுக்குங்க. அங்க ரோஸ்லினுக்கு ஷெரின். தங்கபுஷ்பத்துக்கு ஆல்வின். மிஷின் கேட்டுச்சு, இருந்ததா, வந்ததான்னு. அவரு வந்ததுன்னுட்டாரு. அப்படியே ஒவ்வொரு இடமா."

ரோஸ்லின் தன் கைகளைப் பார்த்தாள். ஐந்தாறு மாதமாக இன்னொருத்தி வீட்டில், இன்னொருத்தி கையால் சோறு பிசைந்து தின்றிருக்கிறாள். பேய் பிடித்திருப்பது உண்மைதான். பிடித்த பேய் அவளேதான்.

"அப்பம் அந்த ரோஸ்லி? செத்துட்டாளா?"

"இல்லீங்க. அந்த முடிச்சுக்குக் கீழ அப்படியே இருக்காங்க. அங்கிருந்து திரும்பக் கொண்டுவரலாம். அந்தச் சாயங்காலத்துல இருந்து எந்திரிச்சு வருவாங்க."

"நான்?"

மேகலாவுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க இழை எந்தக் கொடியோடயும் ஒட்டாம நிக்கும். ஒட்டாத இழைய மிஷின் தானாவே கூட்டித் தள்ளிரும். மூணு நாள் கூட வெக்காது."

"தள்ளட்டும். அக்காதான் இருக்காள்லா? நான் எதுக்கு ரெண்டாவதா?" என்றாள். சொன்ன பிறகு ஒன்று உறைத்தது. "ஆல்வின் சாவும்போது சொன்னது அக்காளுக்கும் ஞாபகம் இருக்கும்லா?"

மேகலா மஞ்சள் கொடியைத் திரையில் நகர்த்தினாள். ஓரிடத்தில் அது வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. தழும்பு மாதிரி ஒரு சிறிய வெள்ளைக் கோடு.

"அந்த நாளே இதுல இல்லீங்கக்கா. யாரோ வேரோட எடுத்திருக்காங்க."

தங்கபுஷ்பம் பகலில் கடற்கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் இருப்பாள். கீழே ஒருத்தி சேறு வழிக்க, மேலே ஒருத்தி மீன் கீற, அப்படித்தான் ஒரு உடம்புக்கு இரண்டு பாடு. ரோஸ்லின் போனபோது மற்றப் பெண்களோடு எதற்கோ குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டாளே என்று ஊரே ஆச்சரியப்பட்ட சிரிப்பு.

"வாட்டி ரோஸி. ஆளையே காணும்? என்னயக் கண்டா வேற தெருவழியாப் போற?"

"எக்கா, இங்கன வா. ஆல்வின் போன அன்னைக்கி நீ எங்க இருந்த?"

சிரிப்பு நின்றது. தங்கபுஷ்பம் கத்தியை மணலில் குத்திவிட்டு, வலைக் குவியலுக்குப் பின்னால் அவளை இழுத்துப் போனாள்.

"தெரியாதுட்டி. தெரியாம இருக்கத்தான், நீ எனக்குப் பதிலா உக்காந்த அன்னைக்கி, பிரிப்பு முடிஞ்ச பெறகு மனசு வந்து டவுனுக்குப் போனேன். அந்தக் கம்பெனில முன்னால வேல பாத்தவன் ஒருத்தன் மாடில ரூம் போட்டிருக்கான். அந்த ஒரு நாள மட்டும் எடுத்துரச் சொன்னேன். பிள்ள போயிட்டான்னு தெரியும். எப்பிடிப் போனான்னு தெரியாது. ராத்திரி தூக்கம் வருது. தப்பா?"

"அதான் என்னய உக்காரச் சொன்னியா?"

"பெறகு? அன்னைக்கிக் காலம்பற பிரிஞ்சு கீழ போனவ அத்தனயயும் சொமந்துக்கிட்டுப் போயிருக்கா. சாயங்காலம் நான் போயி உக்காந்தா அவ கொண்டாந்து திரும்ப என் தலையில கொட்டிருவா. உக்காராட்டி அந்த நாள் போச்சு. நீ உக்காந்தா உன் தலையில ஒட்டாது, வழிஞ்சு போயிரும்னு நெனச்சேன். உனக்கு என்னட்டி வந்திச்சி இப்பம்?"

"வழியல எக்கா. ஒட்டிட்டு."

"என்னது?"

"நாந்தான் அவ. கீழ போனவ."

தங்கபுஷ்பம் அவளை உற்றுப் பார்த்தாள். ரோஸ்லினின் மூக்கு, ரோஸ்லினின் கன்னத்து மச்சம். ஆனால் பொறுமையில்லாதபோது கீழுதட்டை உள்ளே மடித்துக் கடிக்கிற பழக்கம் ரோஸ்லினுக்குக் கிடையாது. அது தங்கபுஷ்பத்தின் பழக்கம். கண்ணாடியில் பார்த்ததை எதிரில் பார்த்தாள். இரண்டு அடி பின்னால் போனாள்.

"அப்பிடின்னா வாயத் தொறக்காத. ஒண்ணுஞ் சொல்லாத எங்கிட்ட." செதில் ஒட்டிய கைகளால் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லமாட்டேன். நாளைக்கி நான் போயிருவேன். ரோஸ்லி வந்துருவா. நான் போனா அவன் கடைசியாப் பேசுனதும் என்கூடப் போயிரும். உலகத்துல வேற எங்கயும் அது இல்ல. உனக்கு வேணும்னா நாளைக்கிச் சேர்ப்புக்கு முன்னால வந்து பக்கத்து நாற்காலில உக்காரு. நம்ம இழைதான், ஒட்டிக்கிடும்னு அந்த மேகலாப் பிள்ள சொல்லுதா."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா வராத. நான் கோவப்படுவனா? வேண்டாம்னு நெனச்சது நானுந்தான?"

தங்கபுஷ்பம் உட்கார்ந்துவிட்டாள். "அவன் என்னய ஏசுனானா? அத மட்டும் சொல்லு."

இவள் வாயைத் திறந்தாள். பாதிச் சொல் வந்தது. கையை எடுத்துத் தன் வாயை மூடிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய நடந்து போய்விட்டாள். சொல்லியிருந்தால் அது வெறும் செய்தியாகப் போயிருக்கும், காதில் விழுந்து காற்றில் போகிற செய்தி. சுண்டுவிரலின் சூட்டை எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாள் காலை ஷெரினைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அவள் வாசல் வரை போனாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பிள்ளையை நின்று பார்த்தாள். வகிடு கோணலாக இருந்தது. பின்னங்கழுத்தில் வேர்க்குரு. ஒரு காலுறை ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தது. நாளைக்கு இருக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு எப்படியோ அந்தக் காலுறையை இழுத்து விடாமல் இருக்க முடியவில்லை. குனிந்து இழுத்துவிட்டாள். பிள்ளை அவள் தோளைப் பிடித்துக்கொண்டது, விழாமல் இருக்கத்தான். பிறகு விடவில்லை.

"எம்மா, உனக்குக் காய்ச்சலா?"

"இல்லட்டி. சாயங்காலம் பள்ளிக்கொடம் விட்டு நேரா கொட்டகைக்கு வந்துரு. அம்மா அங்க இருப்பேன்."

"நெசமாவா? நீ வரச் சொல்லவே மாட்டியே?"

"இருப்பேன்" என்றாள். சொன்னது பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மேகலா கதவைச் சாத்திவிட்டு இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டாள். ஒன்று காலியாக இருந்தது. வெளியே வரிசையில் ஆட்கள் கூச்சல் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாங்கக்கா."

"வேண்டாம் தாயி. அவளுக்குத் தூக்கம் வேணும். எனக்குத் தெரியாதா அவள? தொப்பிய மாட்டு."

தொப்பியின் உலோகம் நெற்றியில் குளிர்ந்தது. அப்போது கதவு திறந்தது. தங்கபுஷ்பம் வந்து நின்றாள். கருவாட்டு வாடை அறை முழுக்க அடித்தது. குளித்துவிட்டுக்கூட வரவில்லை. எங்கிருந்தோ பாதியில் கிளம்பி ஓடிவந்திருந்தாள்.

"பொழுதன்னைக்கும் சிரிச்சிட்டே கெடக்கேன்" என்றாள் யாரிடமோ. "எதுக்குச் சிரிக்கேன்னே தெரியல." காலி நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

திரையில் சிவப்பாக ஒன்று வந்தது. ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள். 'இருந்தது' என்ற பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இத நான் அமுக்கமாட்டேங்க" என்று மேகலா திரையைத் தங்கபுஷ்பத்தின் பக்கம் திருப்பினாள். "நீங்க பாத்துச் செய்யுங்க."

தங்கபுஷ்பம் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு இவளைப் பார்த்தாள்.  தங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? தங்கபுஷ்பம் விரலை நீட்டி 'வந்தது' என்பதைத் தொட்டாள்.

அவள் கண் திறந்தபோது வலது பக்க நாற்காலியில் இருந்தாள். கைகளில் செதில் இருந்தது. தங்கபுஷ்பம்தான், அதில் மோதல் எதுவும் இல்லை. கடற்கரையில் சிரித்ததும் தெரிந்தது, அதைத் தள்ளி நின்று பார்த்ததும் தெரிந்தது. சுண்டுவிரல் சுட்டது. நீ இரும்மா என்று அவன் சொன்னான். அவன் ஏசவில்லை. கடைசிவரைக்கும் ஏசவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல மெல்ல இறங்கிக் கொண்டிருந்தது. இன்னும் அடிக்குப் போய்ச் சேரவில்லை. சேரும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை பட்டவள்தானே.

இடது பக்கம் ரோஸ்லின் கொட்டாவி விட்டபடி எழுந்தாள்.

"முடிஞ்சிட்டா எக்கா? உனக்குப் பதிலா உக்காந்ததுக்கு ஒரு டீயாவது வாங்கித் தருவியா? தல கனக்கு." பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். "நீ எப்பம் வந்த? டவுனுக்குப் போறேன்ன?"

தங்கபுஷ்பம் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஷூச் சத்தம் கேட்டது. புத்தகப் பை ஒரு தோளில் தொங்க, ஷெரின் மூச்சிரைக்க ஓடிவந்தாள். தங்கபுஷ்பம் தன்னை அறியாமலே எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையும் முன்னால் போயிருந்தன. காலையில் தோளைப் பிடித்த அந்தச் சின்னக் கையின் பாரம் தோளில் அப்படியே இருந்தது. ஐந்தாறு மாதம் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஒரு நாள்தான் அம்மாவாக இருந்தாள், அதுவும் வாசல் வரைக்கும். அதுவும் சேர்ந்து ஏறி வந்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பட்டனும் வரவில்லை.

ஷெரின் அவள் முன்னால் வந்து நின்றாள். தங்கபுஷ்பம் வழியை மறைத்து நின்றிருந்தாள்.

"பெரியம்மா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்றாள். "எங்கம்மா வாரா."

தங்கபுஷ்பம் தள்ளிக்கொண்டாள்.